பங்கை எப்போது வாங்குவது, எப்போது விற்பது? விலையைப் பார்க்கும் முன் வீட்டைப் பார்ப்போம்

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நம் குடும்பங்களில் பங்குச் சந்தை பற்றிப் பேச்சு வந்தால் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "இது ஹலாலா, ஹராமா?" இன்று கேள்வி மாறிவிட்டது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும் இளைஞர்கள் கைப்பேசியைத் திறந்து வைத்துக்கொண்டு, "இப்ப வாங்கலாமா, இன்னும் இறங்குமா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் சகோதரர் ஊருக்குப் போன் செய்து, "இருக்கறத வித்துட்டு வெளிய வந்துடலாமா?" என்கிறார். முதல் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு இரண்டாவது கேள்விக்கு வந்தவர்கள் சிலர். முதல் கேள்வியைக் கேட்காமலேயே இரண்டாவதற்குத் தாவியவர்கள் பலர்.

இது நம் சமுதாயத்தில் மட்டும் நடக்கும் மாற்றம் அல்ல. 2020 மார்ச்சில் இந்தியாவில் சுமார் 4 கோடி டீமேட் கணக்குகள் இருந்தன. 2022 ஆகஸ்டில் அது 10 கோடியைத் தாண்டியது; 2025 ஆகஸ்டில் 20 கோடியைத் தொட்டது. இன்று கைப்பேசியிலேயே எளிதாகக் கணக்குத் திறந்துவிடலாம். கணக்குத் திறப்பது எளிதான அளவுக்கு, எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று முடிவெடுப்பது எளிதாகவில்லை.

இந்த இரண்டு கேள்விகளும் தனித்தனியானவை அல்ல என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது. மார்க்கம் வணிகத்துக்கு விதித்திருக்கும் நிபந்தனைகளை ஒழுங்காகப் பின்பற்றினால், எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்ற குழப்பத்தில் பெரும்பகுதி தானாகவே தீர்ந்துவிடுகிறது. அந்த நிபந்தனைகளை மீறும் இடத்தில்தான் பெரும்பாலான பணமும் பறிபோகிறது.

பணம் எங்கே போகிறது?

சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி, 2025 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஃபியூச்சர்ஸ் மற்றும் ஆப்ஷன்ஸ், அதாவது எஃப் அண்ட் ஓ என்று சொல்லப்படும் பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களில் 91 சதவீதம் பேர் 2024-25 நிதியாண்டில் நஷ்டமடைந்திருக்கிறார்கள். அவர்களின் மொத்த நிகர நஷ்டம் 1,05,603 கோடி ரூபாய். முந்தைய ஆண்டில் இது 74,812 கோடியாக இருந்தது. அதற்கு முன் 2024 செப்டம்பரில் வெளியான ஆய்விலும் இதே கதைதான்: மூன்று நிதியாண்டுகளில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் இதில் இறங்கினார்கள், 93 சதவீதம் பேர் இழந்தார்கள், சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய் போனது. செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றில் ஒருவர்தான்.

காலையில் வாங்கி மாலைக்குள் விற்கும் இண்ட்ராடே வணிகத்தையும் செபி ஆராய்ந்தது. 2022-23 நிதியாண்டில் அதில் ஈடுபட்ட தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டமடைந்தார்கள் என்று 2024 ஜூலையில் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது.

இவ்வளவு பேர் ஏன் தோற்கிறார்கள்? ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கி வைத்திருப்பவர் அந்தத் தொழிலில் ஒரு பகுதிக்குச் சொந்தக்காரர். தொழில் வளர்ந்தால் பங்கு வைத்திருக்கும் எல்லோரும் பலன் அடைய முடியும். ஒருவர் பெற இன்னொருவர் இழக்க வேண்டியதில்லை. ஆப்ஷனில் அப்படி இல்லை. அங்கே எந்தத் தொழிலிலும் நமக்குப் பங்கு கிடைப்பதில்லை. குறிப்பிட்ட நாளுக்குள் விலை ஏறுமா, இறங்குமா என்பதில் ஒருவர் பெறுவதை இன்னொருவர் இழக்கிறார். அதிலிருந்து தரகுக் கட்டணம், பரிவர்த்தனை வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் கழிகின்றன. ஆக, இரு தரப்பின் பணத்தையும் கூட்டினால் போட்டதைவிடக் குறைவாகவே திரும்பி வரும். எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருப்பவரும் நம்மைப் போன்ற சம்பளக்காரர் அல்ல. அதிவேகக் கணினிகளோடு இயங்கும் பெரும் நிறுவனங்கள்.

இந்த ஆய்வுகள் எல்லாம் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1992-இல், ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதை அலசி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஹலாலான தொழில் செய்யும் நிறுவனத்தின் பங்கை வாங்குவது அடிப்படையில் ஆகுமானது. ஆப்ஷன் ஒப்பந்தங்கள் கூடாது. குறியீட்டெண்ணின் மீது வாங்கி விற்பது சூதாட்டம். வட்டிக்கடனில் பங்கு வாங்குவது கூடாது. தன்னிடம் இல்லாத பங்கை விற்பதும் கூடாது என்பது அதன் சாரம். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் "நிஃப்டி கால்", "பேங்க் நிஃப்டி புட்" என்று போடுவது இந்தத் தீர்மானம் தடுத்த இடத்தில்தான். இதைப் "பங்குச் சந்தை முதலீடு" என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். பெற்றோரும் அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

சந்தையின் நிலையைக் காரணம் காட்டி, பங்கு வணிகத்திலிருந்தே விலகி இருக்கச் சொல்லும் ஆலிம்களும் உண்டு. அந்தக் கருத்தை ஏற்று விலகி இருப்பவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. ஆகுமானது என்ற கருத்தை ஏற்று இறங்கியவர்களுக்காகவே மேலே தொடர்கிறோம்.

நாளைக் கணிக்க முடியுமா?

அடிமட்ட விலையில் வாங்கி உச்சத்தில் விற்பதுதான் திறமை என்று யூடியூபில் பேசுகிறார்கள். நடந்ததைத் திரும்பிப் பார்ப்போம்.

2020 மார்ச் 23 அன்று, கொரோனா அச்சத்தில் சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்து 25,981-இல் முடிந்தது. அன்று பயந்து விற்றவர்கள் ஏராளம். அடுத்த பத்தே மாதத்தில், 2021 ஜனவரியில், அதே சென்செக்ஸ் 50,000-ஐத் தொட்டது.

2024 ஜூன் 3 அன்று, தேர்தல் கருத்துக் கணிப்புகளை நம்பிச் சந்தை 2,500 புள்ளிகள் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை கணிப்புகளைப் பொய்யாக்க, 4,390 புள்ளிகள் சரிந்தது. அதே வாரம் வெள்ளிக்கிழமை, ஜூன் 7 அன்று, சரிவு முழுவதும் மீண்டு புதிய உச்சத்தில் முடிந்தது. திங்கள் ஆசையில் வாங்கி, செவ்வாய் பயத்தில் விற்றவர் ஐந்தே நாளில் இரண்டு தவறு செய்தார். எதுவும் செய்யாமல் கடையையும் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்காக, "பொறுத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிடவும் முடியாது. 2008 ஜனவரி 8 அன்று சென்செக்ஸ் 20,873-இல் முடிந்தது. 2009 மார்ச்சில் 8,160-க்கு வந்தது. 2010 நவம்பரில் பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டு மீண்டும் இறங்கியது. அந்த உயரத்தை அடுத்து எட்ட 2013 அக்டோபர் இறுதி ஆனது. 2008-இல் பணத்தைப் போட்டு, 2009-இல் மகளின் திருமணத்துக்கோ வீடு கட்டவோ பணம் தேவைப்பட்டவர் பாதிக்கும் குறைவான விலையில் விற்றிருப்பார். அவர் தவறான பங்கை வாங்கினார் என்று சொல்ல முடியாது. தவறான பணத்தை, அதாவது ஓராண்டில் தேவைப்படும் பணத்தைச் சந்தையில் போட்டார்.

நாளை விலை எங்கே நிற்கும் என்பது மறைவான விஷயம். அதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. நம்மால் அறியக்கூடியவை இரண்டு: நம் வீட்டு நிலைமை, நாம் வாங்கும் தொழிலின் நிலைமை. வாங்குவதும் விற்பதும் இந்த இரண்டைக் கொண்டு முடிவாக வேண்டும்.

மார்க்கம் போடும் பிரேக்

உன்னிடம் இல்லாததை விற்காதே என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி திர்மிதீ, அபூதாவூத் முதலான நூல்களில் இருக்கிறது. வாங்கிய உணவுப்பொருள் கைக்கு வருமுன் அதை விற்கக் கூடாது என்ற தடை புகாரி, முஸ்லிமில் இருக்கிறது.

இதை இன்றைய சந்தையோடு பொருத்திப் பார்ப்போம். இந்தியாவில் 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் வாங்கிய மறு வேலை நாளில் கணக்கு முடிகிறது. அதாவது இன்று வாங்கிய பங்கு நாளைதான் நம் டீமேட் கணக்கில் வந்து சேரும். அதற்குள் விற்பது கூடாது என்று பல ஆலிம்கள் சொல்கிறார்கள். இதைக் கடைப்பிடித்தாலே இண்ட்ராடே போய்விடுகிறது. இல்லாததை விற்கும் ஷார்ட் செல்லிங் போய்விடுகிறது. வட்டி கூடாது என்பதால், தரகு நிறுவனம் கடன் கொடுத்து வாங்கச் சொல்லும் எம்.டி.எஃப். வசதியும் போய்விடுகிறது. கையில் இருக்கும் பணத்துக்கு, கைக்கு வரும் பங்கை வாங்குவது மட்டுமே மிஞ்சுகிறது.

"எல்லாவற்றையும் தடுத்துவிட்டால் எப்படிச் சம்பாதிப்பது?" என்று இளைஞர்கள் கேட்கலாம். செபியின் ஆய்வுகளை மறுபடி பார்க்கட்டும். தடுக்கப்பட்ட எஃப் அண்ட் ஓவிலும் இண்ட்ராடேயிலும்தான் பெரும்பாலானோர் பணத்தை விட்டிருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியச் சந்தையில் இண்ட்ராடே செய்யச் சட்டமே அனுமதிப்பதில்லை. என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கோடு இணைந்த டீமேட் கணக்கில்தான் அவர்கள் பங்கு வாங்க வேண்டும். ஊரில் இருந்தபோது திறந்த பழைய கணக்கையே துபாயில் இருந்துகொண்டு இயக்குவதும், தம்பியின் பெயரில் வாங்கிப் போடுவதும் பின்னால் சட்டச் சிக்கலையும் குடும்பச் சிக்கலையும் கொண்டுவரும்.

எப்போது வாங்கலாம்?

வாங்கும் முன் வீட்டைப் பார்த்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று, கடன் இருக்கிறதா? நகைக்கடன், கைமாற்று, கொடுக்க வேண்டிய மஹர் பாக்கி எல்லாமே கடன்தான். நகையை வங்கியில் வைத்துப் பங்கு வாங்குவது வட்டியையும் நஷ்ட அபாயத்தையும் ஒன்றாகச் சுமப்பது.

இரண்டு, ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக இருக்கிறதா? வளைகுடா வேலை எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வேலை போன மாதத்தில் சந்தையும் சரிந்திருந்தால், இருக்கும் பங்கை அடிமாட்டு விலைக்கு விற்றுத்தான் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டி வரும்.

மூன்று, அடுத்த ஐந்து ஆண்டுகளில் இந்தப் பணத்துக்கு வேலை இருக்கிறதா? ஹஜ்ஜுக்காகச் சேர்த்தது, மகளின் படிப்புக்கு வைத்தது, மனை வாங்க ஒதுக்கியது எதுவும் சந்தைக்கு வரக் கூடாது. 2008-இல் உச்சத்தில் வாங்கியவர் எத்தனை ஆண்டு காத்திருந்தார் என்பதை நினைவில் வைத்தால் இந்த ஐந்து ஆண்டுக் கணக்கு மிகை அல்ல என்பது புரியும்.

நான்கு, இது யாருடைய பணம்? மனைவியின் நகை மனைவியின் சொத்து. தாயாரின் பங்காக வந்த வாரிசுப் பணம் தாயாருடையது. அவர்கள் மனமொப்பிக் கொடுக்காததைச் சந்தையில் போடும் உரிமை கணவனுக்கோ மகனுக்கோ இல்லை.

இந்த நான்கையும் கடந்த பிறகு நிறுவனத்தைப் பார்க்கலாம். வங்கி, வட்டி நிதி நிறுவனம், மது, புகையிலை, சூதாட்டம், ஆபாசம் என்று தொழிலே கூடாதவை முதலிலேயே கழிந்துவிடும். தொழில் ஹலாலாக இருந்தாலும் கடன் கணக்கைப் பார்க்க வேண்டும். இஸ்லாமிய நிதித் துறைக்கு விதிமுறை வகுக்கும், பஹ்ரைனில் உள்ள அயோஃபி அமைப்பு தரும் அளவுகோல் இது: வட்டிக்கடன் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வட்டிக்குப் போட்ட வைப்புத்தொகையும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஆகாத வழியில் வரும் வருமானம் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்தச் சிறு பகுதியையும் கணக்கிட்டு, நன்மையை எதிர்பார்க்காமல் தேவையுடையோருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

தனித்தனியாகப் பார்க்க இயலாதவர்களுக்கு நிஃப்டி 50 ஷரீஆ, நிஃப்டி 500 ஷரீஆ போன்ற குறியீட்டெண்களின் பட்டியல் உதவும். டாடா எத்திக்கல் ஃபண்ட், டாரஸ் எத்திக்கல் ஃபண்ட் போன்ற மியூச்சுவல் ஃபண்டுகளும் ஷரீஆ வடிகட்டலோடு நடக்கின்றன. நாம் இவற்றைப் பரிந்துரைக்கவில்லை. இருக்கின்றன என்று சொல்கிறோம்.

கடனைக் குறைவாக வைத்திருக்கும் நிறுவனத்தைத் தேடுவது மார்க்கப் பேணுதல் மட்டுமல்ல. நெருக்கடி வரும்போது வட்டி கட்ட முடியாமல் முதலில் வீழ்வது கடனில் மூழ்கிய நிறுவனங்கள்தான்.

இனி, எந்த நாளில் வாங்குவது? நாளைத் தேடாமல், பணத்தைப் பிரித்து மாதாமாதம் வாங்குவதே சாமானியருக்கு ஏற்றது. ஓர் எடுத்துக்காட்டு. மாதம் 5,000 ரூபாய் வீதம் நான்கு மாதம் வாங்குகிறோம். விலை முறையே 100, 80, 50, 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20,000 ரூபாய்க்கு 275 பங்குகள் கிடைக்கும். கடைசி விலையில் அதன் மதிப்பு 22,000. முதல் மாதமே மொத்தப் பணத்தையும் போட்டிருந்தால் 200 பங்குகள்தான், மதிப்பு 16,000. விலை தொடர்ந்து ஏறிக்கொண்டே போயிருந்தால் மொத்தமாகப் போட்டவருக்குத்தான் லாபம் என்பதும் உண்மை. ஆனால் எது நடக்கும் என்று முன்கூட்டியே தெரியாத நமக்கு, பிரித்து வாங்குவது பெரிய தவறிலிருந்து காக்கும்.

எப்போது விற்கலாம்?

வாங்குவதைவிட விற்பதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். லாபத்தில் இருக்கும் நல்ல பங்கை அவசரமாக விற்றுவிட்டு, நஷ்டத்தில் இருக்கும் மோசமான பங்கை "போட்ட காசு வரட்டும்" என்று ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். பாதியாகக் குறைந்த பங்கு பழைய விலைக்கு வர இரண்டு மடங்காக ஏற வேண்டும். நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியாது. அதற்காக அது ஏறப் போவதும் இல்லை.

விற்க நியாயமான காரணங்கள் நான்கு என்று நாம் கருதுகிறோம்.

முதலாவது, தேவை வந்துவிட்டது. எதற்காகச் சேர்த்தோமோ அந்தச் செலவு இரண்டு மூன்று ஆண்டு தூரத்தில் தெரிய ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுப் பணமாக்க வேண்டும். கடைசி மாதம்வரை ஆசைப்பட்டு வைத்திருப்பது, சேர வேண்டிய கரை தெரிந்த பிறகும் கடலிலேயே நிற்பது போன்றது.

இரண்டாவது, தொழில் மாறிவிட்டது. விற்பனை தேய்கிறது, கடன் ஏறுகிறது, தணிக்கையாளர் பாதியில் விலகுகிறார், நிறுவனத்தை நடத்துவோர் தங்கள் பங்குகளை அடமானம் வைக்கிறார்கள் என்றால் எச்சரிக்கை அடைய வேண்டும். நல்ல பெயரை மட்டும் நம்பிவிடவும் முடியாது. ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நாட்டின் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர், கணக்குகள் பொய் என்று எழுதிக் கொடுத்தார். முந்தைய நாள் 179 ரூபாய் அளவில் இருந்த பங்கு அன்று மாலை 40 ரூபாயில் நின்றது. விற்பதற்கு அவகாசமே இல்லை. அதனால்தான் ஒரே நிறுவனத்தில் குடும்பச் சேமிப்பு முழுவதையும் போடக் கூடாது என்கிறோம்.

மூன்றாவது, ஷரீஆ வரம்பைத் தாண்டிவிட்டது. நேற்று ஆகுமாக இருந்த நிறுவனம் இன்று கடன் வாங்கி வரம்பை மீறலாம். கடனைச் சந்தை மதிப்போடு ஒப்பிடுவதால், புதிய கடன் வாங்காவிட்டாலும் பங்கு விலை கடுமையாக விழுந்தாலே விகிதம் கூடிவிடும். எனவே ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடக் கூடாது; ஆண்டுக்கு இரண்டு முறையாவது பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். வெளியேற எவ்வளவு அவகாசம் என்பதில் மலேசியாவின் பங்குச் சந்தை ஆணையம் தெளிவான வழிகாட்டல் தருகிறது. நிதிநிலைக் காரணத்தால் பட்டியலிலிருந்து நீங்கிய பங்கின் விலை நாம் போட்ட முதலுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் விற்க வேண்டும். குறைவாக இருந்தால் முதல் திரும்பும் வரை வைத்திருக்கலாம். உடனே விற்க வேண்டும் என்று சொல்வோரும் உண்டு. நாம் பின்பற்றும் ஆலிமிடம் கேட்டு, வாங்கும்போதே இதை முடிவு செய்துகொள்வது நல்லது.

நான்காவது, ஒரே பங்கு அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது. பத்து நிறுவனங்களில் பிரித்துப் போட்டதில் ஒன்று மட்டும் பல மடங்கு ஏறி மொத்தச் சேமிப்பில் பாதியாகிவிட்டால், அதில் ஒரு பகுதியை விற்றுப் பிரிப்பது அறிவு.

"விலை ஏறிவிட்டது", "விலை இறங்கிவிட்டது", "குரூப்பில் விற்கச் சொன்னார்கள்" ஆகியவை இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். முடிவு தெரியாமல் தடுமாறும்போது ஒரு கேள்வி உதவும்: இந்தப் பங்கு என்னிடம் இல்லாமல், அதன் மதிப்பு ரொக்கமாகக் கையில் இருந்தால், இன்று இதே பங்கை வாங்குவேனா? ஆம் என்றால் வைத்திருக்கலாம். இல்லை என்றால், நஷ்டமே ஆனாலும் விற்பது பற்றி யோசிக்க வேண்டும்.

விற்கும்போது வரியும் உண்டு. 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு 20 சதவீதம் வரி. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால், நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரையான லாபத்துக்கு வரி இல்லை; அதற்கு மேல் 12.5 சதவீதம். சட்டமும் பொறுமையாக இருப்பவருக்கே சலுகை தருகிறது. ஆனால் வரியை மிச்சப்படுத்துவதற்காக மோசமான பங்கை வைத்திருப்பது கணக்கு ஆகாது.

ஜகாத்தை மறக்கக் கூடாது. விற்று லாபம் பார்க்கும் எண்ணத்தில் வாங்கிய பங்கு வணிகச் சரக்கைப் போன்றது. ஜகாத் நாளின் சந்தை விலையில் 2.5 சதவீதம் கணக்காகும் என்பது பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. பல ஆண்டுகள் வைத்திருந்து ஈவுத்தொகை பெற வாங்கியதில் கருத்து வேறுபாடுகள் உள்ளன. கையில் ரொக்கம் இல்லாவிட்டால், சில பங்குகளை விற்றாவது கடமையை நிறைவேற்ற வேண்டும்.

"ஹலால்" என்ற சொல்லை வைத்து வருபவர்கள்

விலையை ஏற்றிவிடுவதற்காக, வாங்கும் எண்ணம் இல்லாமலே ஏலத்தில் விலை கேட்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நஜ்ஷ் என்பார்கள். டெலிகிராம் குழுவில் யாரும் கேள்விப்படாத சிறு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ஆயிரக்கணக்கானோரை வாங்கவைத்து, விலை ஏறியதும் தாங்கள் வைத்திருந்ததை அவர்கள் தலையில் கட்டுவது அதே மோசடியின் இன்றைய வடிவம். கூலிக்கு ஆலோசனை சொல்பவர் செபியில் பதிவு பெற்றவரா என்பதைச் செபி இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். மாதம் இத்தனை சதவீதம் உறுதி என்று ஒருவர் சொன்னால் அவர் வணிகம் செய்யவில்லை என்று பொருள். வணிகத்தில் உறுதியான லாபம் கிடையாது.

2019-இல் பெங்களூருவில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது, ஹலால் முதலீடு என்ற சொல்லை நம்பிய ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்து தெருவில் நின்றன. திருமணத்துக்குச் சேர்த்ததையும் ஓய்வுக்காலப் பணத்தையும் போட்டவர்கள் அவர்கள். தாடியையும் தொப்பியையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கு மார்க்கத்தில் இடமில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள் என்று குர்ஆன் (2:282) நீண்ட வசனத்தில் கட்டளையிடுவது நம்பிக்கை உள்ளவர்களைப் பார்த்துத்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

கடைசியாக ஒரு யோசனை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு பங்கையும் வாங்கும் நாளில் மூன்று வரி எழுதுவோம்: ஏன் வாங்குகிறோம், எத்தனை ஆண்டுக்கு இந்தப் பணம் தேவைப்படாது, என்ன நடந்தால் விற்போம். சந்தை சரியும் நாளில் தொலைக்காட்சியைப் பார்க்காமல் இந்த நோட்டைப் பார்க்க வேண்டும். அதில் எழுதிய காரணம் இன்னும் நிற்கிறது என்றால் விற்க வேண்டியதில்லை. போய்விட்டது என்றால் தயங்க வேண்டியதில்லை.

அந்த நோட்டு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். கணவர் இறந்த பிறகுதான் இப்படி ஒரு கணக்கு இருந்ததே தெரியவந்தது என்ற நிலை எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது. நாமினியாகப் பெயர் போட்டவரே முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது. பங்குகளும் வாரிசுச் சட்டப்படி பிரிக்கப்பட வேண்டிய சொத்துதான்.

நம் ஜமாஅத்துகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஆப்ஷனில் பணத்தை விட்ட பிள்ளைகள் வெட்கத்தால் வீட்டில் சொல்வதில்லை. இழந்ததைப் பிடிக்க மேலும் கடன் வாங்குகிறார்கள். ஜும்ஆ மேடையில் வட்டி பற்றிப் பேசுவது போல் இதையும் பேச வேண்டும். ஓர் ஆலிமும் ஒரு தணிக்கையாளரும் சேர்ந்து உட்கார்ந்து மாதம் ஒரு மாலை இளைஞர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் பல குடும்பங்கள் காப்பாற்றப்படும். இழந்துவிட்டு வரும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், அவன் இன்னும் எவ்வளவு கடனில் இருக்கிறான் என்று பெற்றோர் கேட்க வேண்டும்.

ரிஸ்க் அளப்பவன் அல்லாஹ். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அல்லாஹ் விரைவில் கிடைக்கும் பணத்தின் ஆசையிலிருந்து நம் பிள்ளைகளைப் பாதுகாத்து, ஹலாலான சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.